பாரமட்டா காம்பேங்க் ஸ்டேடியம்: எங்கே உட்கார்ந்தால் நல்லது?

சிட்னியில் ரக்பி லீக் பார்க்க இதைவிட நல்ல இடம் சொல்வது கஷ்டம். பாரமட்டா ஈல்ஸ் என்ற ரக்பி லீக் அணியின் சொந்த மைதானம்; 2019-ல் திறந்தது, 30,000 இருக்கைகள். செவ்வக மைதானம், சுற்றி ஓட்டப் பாதை கிடையாது. கேலரி 34 டிகிரி வரை செங்குத்தாக ஏறுவதால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. டேக்கிள் ஆனவர், அதாவது எதிரணி பிடித்து வீழ்த்திய வீரர், எழுந்து பந்தைக் குதிகாலால் பின்னுக்கு உருட்டுவதுகூடத் துல்லியமாகத் தெரியும். முட்டிவலிக்காரர்களுக்கு மட்டும் மேல்தளப் படிகள் சோதனை, கீழ்த்தளமே எடுங்கள். பகல் ஆட்டத்துக்கு மேற்கு ஸ்டாண்ட்தான். கிழக்கே உட்கார்ந்தால் சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கும். கூரை இருந்தாலும் காற்றோடு மழை வந்தால் முன்வரிசைகள் நனையும். கார் வேண்டாம், பாரமட்டா ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடைதான்.