ஜிம்மா, வீடா, கைப்பேசியா: சென்னையில் தனிப் பயிற்சியாளருக்கு ஆகும் செலவு

சென்னையில் தனிப் பயிற்சியாளரை அமர்த்த நினைப்பவருக்கு மூன்று வழிகள் உள்ளன: சேர்ந்திருக்கும் ஜிம்மிலேயே ‘பி.டி.’ (பெர்சனல் டிரெயினிங், அதாவது தனிப் பயிற்சி) எடுத்துக்கொள்வது, பயிற்சியாளரை வீட்டுக்கு வரவழைப்பது, கைப்பேசி வழியாக ஒருவரிடம் பயில்வது. கேட்கும் மாதத் தொகையை மட்டும் பார்த்தால் வீட்டுப் பயிற்சிக்கு அதிகச் செலவும் கைப்பேசிப் பயிற்சிக்குக் குறைந்த செலவும் ஆவதாகத் தோன்றும். ஆனால் நாம் பணம் கொடுப்பது, எடை தூக்கும்போது முதுகு வளைவதையும் முழங்கால் உள்நோக்கிச் சாய்வதையும் கண்டு அந்த நொடியிலேயே திருத்தும் ஒருவருக்காக. அந்தத் திருத்தம் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலையில் கிடைக்கிறது என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது.

முதலில் ஜிம். மாதம் 12 செஷனுக்கு இடத்தையும் பயிற்சியாளரின் அனுபவத்தையும் பொறுத்து ஏறக்குறைய 6,000 முதல் 15,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். இதில் ஜிம்முக்கான உறுப்பினர் கட்டணம் பெரும்பாலும் அடங்காது. அதைத் தனியே கட்டியிருக்க வேண்டும் என்பதைப் பலர் கையெழுத்திடும் நேரத்தில்தான் உணர்கிறார்கள். எடுத்துக்காட்டாக, 12 செஷனுக்கு 9,000 ரூபாய் என்றால் ஒன்றுக்கு 750 ரூபாய் ஆகிறது. அந்த மாதத்தில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், இரண்டு நாள் அலுவலக வேலை என்று நான்கு நாள் தவறினால், எட்டு செஷனுக்கு அதே 9,000 ரூபாய், அதாவது ஒன்றுக்கு 1,125 ரூபாய். எனவே கட்டணத்தைக் கேட்பதற்கு முன், தவறிய செஷனை எத்தனை நாளுக்குள் எடுத்து முடிக்க வேண்டும் என்று கேட்பது நல்லது. மூன்று மாத பேக்கேஜில் ஒரு செஷனின் விலை குறைந்து காட்டினாலும், காலக்கெடு இறுக்கமாக இருந்தால் அந்தத் தள்ளுபடி நம் கைக்கு வருவதில்லை.

ஜிம்மில் நாம் கட்டும் தொகையில் ஒரு பகுதியே பயிற்சியாளரைச் சேர்கிறது. மீதியை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. பல இடங்களில் மாதத்துக்கு இத்தனை பி.டி. விற்க வேண்டும் என்ற இலக்கும் அவர் தலையில் இருக்கிறது. அட்மிஷன் போட்ட முதல் வாரத்திலேயே ‘மாஸ்டர்’ அக்கறையோடு வந்து உடற்கொழுப்பை அளப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை; பேரம் பேச இடம் எங்கே இருக்கிறது என்று காட்டவே சொல்கிறேன்.

வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 10,000 ரூபாய் கட்டணத்துக்கு முன்பு 11,800 கட்டியவர் இப்போது 10,500 கட்ட வேண்டும். ஆனால் 5 விழுக்காட்டில் ஜிம்முக்கு உள்ளீட்டு வரிச் சலுகை (தான் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடையாது என்பதால், அந்த இழப்பை அடிப்படைக் கட்டணத்திலேயே ஏற்றிவிட வாய்ப்பு உண்டு. பழைய ரசீது இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு வரும் பயிற்சியாளரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை அவர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் அந்த வரியை நம்மிடம் வசூலிக்கவும் கூடாது.

வீட்டுப் பயிற்சியில் அதே 12 செஷனுக்குப் பெரும்பாலும் 8,000 முதல் 20,000 ரூபாய் வரை ஆகிறது. காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரைதான் பயிற்சியாளருக்கு நல்ல கிராக்கி உள்ள நேரம். வேளச்சேரியில் ஒருவரை முடித்துவிட்டு அண்ணாநகருக்குப் போக வேண்டியிருந்தால் அதில் ஒரு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். அந்த நேரத்துக்கும் சேர்த்தே நாம் கொடுக்கிறோம். ஆகவே அதே தெருவில் அல்லது அதே குடியிருப்பில் ஏற்கெனவே ஒருவருக்குக் கற்றுத்தருபவரைப் பிடித்தால் கட்டணம் கணிசமாக இறங்கும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே பயிலும்போது, 14,000 ரூபாய் என்பது தலைக்கு 7,000 ஆகிறது. இருவருக்கும் ஜிம் உறுப்பினர் கட்டணமும் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய பெரிய குடியிருப்புகளில் உடற்பயிற்சி அறை பூட்டிக் கிடப்பதைப் பார்க்கிறோம். வெளிப் பயிற்சியாளரை அங்கே அனுமதிக்கச் சங்கம் சம்மதித்தால், மூன்று வழிகளிலும் இதுவே சிக்கனமானது என்பது என் கணிப்பு.

கைப்பேசிப் பயிற்சியின் பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. நேரலைக் காணொளியில் நம்மைப் பார்த்துக்கொண்டே திருத்துவது ஒன்று. வாட்ஸ்அப்பில் ஓர் அட்டவணையும் உணவுப் பட்டியலும் அனுப்பிவிட்டு வாரம் ஒருமுறை எடை கேட்பது மற்றொன்று. இரண்டாவது வகைக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுத்தாலும், திருத்தும் கண் அங்கே இல்லாததால், ஒரு திருத்தத்துக்கு என்ன விலை என்ற கணக்கையே போட முடியாது. ஸ்குவாட்டும் (பஸ்கி) டெட்லிப்டும் (தரையிலிருந்து எடை தூக்குவது) ஏற்கெனவே சரியாகச் செய்யத் தெரிந்தவருக்கு அது போதும். பஸ்கி எடுக்கும்போதே குதிகால் மேலெழும் புதியவருக்குப் போதாது.

எந்த வழியானாலும் எத்தனை செஷன் வேண்டும் என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பையும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. முதல் பகுதியை மெரினா கடற்கரையிலோ பக்கத்துப் பூங்காவிலோ காசில்லாமல் நடந்தே முடிக்கலாம். டிரெட்மில்லில் நாம் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு 750 ரூபாய் கொடுப்பதில் பொருளில்லை. வலுப் பயிற்சிக்கு மட்டும் மாதம் எட்டு செஷன் தனிக் கட்டணத்தில் கேட்டுப் பாருங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் பல இடங்களில் கேட்டால் கொடுக்கிறார்கள்.

இந்தியாவில் உடற்பயிற்சியாளராகத் தொழில் செய்ய உரிமம் தேவையில்லை. சான்றிதழ் இருக்கிறதா, அது வார இறுதி வகுப்பில் வாங்கியதா, தேர்வு எழுதிப் பெற்றதா என்று நாமேதான் கேட்க வேண்டும். மூட்டு வலியோ முதுகெலும்புத் தட்டில் (டிஸ்க்) பிரச்சினையோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்த்துவிட்டு, அவர் எதைத் தவிர்க்கச் சொல்கிறார் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு பயிற்சியாளரிடம் போவது நல்லது. புரோட்டீன் பவுடரைத் தானே விற்பவரின் மாதக் கட்டணத்தோடு அந்த டப்பாவின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்கும் இளைஞர் ஜிம்மில் இரண்டு மாதம் எட்டெட்டு செஷன் எடுத்துவிட்டு, பிறகு தனியே செய்துகொண்டு, மாதம் ஒருமுறை மட்டும் பயிற்சியாளரிடம் காட்டித் திருத்திக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். அறுபதைக் கடந்த பெற்றோருக்கு வீட்டுப் பயிற்சியே பொருத்தம். அங்கே தொடர்ந்து ஒருவர் உடனிருப்பதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. ஓராண்டுப் பேக்கேஜை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே கட்டிவிட்டு, சொன்ன சேவை கிடைக்காமல் தவிப்பவர்கள், ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் கண்டு ஓய்ந்துவிட வேண்டாம்: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.