பிளக் சீவ ஒபினெல் 8 கத்தி: ஒரு வருடம் வைத்திருந்து எழுதுகிறேன்

பைப் பிடிக்கிறவர்களில் பலர் பிளக் பக்கமே வராததற்குக் காரணம் புகையிலை இல்லை, கத்திதான் என்று எனக்குப் படுகிறது. பிளக் என்பது புகையிலை இலைகளை அடுக்கி அழுத்திச் செங்கல் மாதிரி இறுக்கிய கட்டி. ஆலையிலேயே வில்லையாகச் சீவி வந்தால் ஃப்ளேக், சீவாமல் வந்தால் பிளக். எவ்வளவு மெல்லிசாகச் சீவுவது என்பது நம் கையில் இருக்கிறதே, அதுதான் இதில் சுகம்.

முதலில் நான் வாங்கியது தடித்த முதுகுள்ள ஒரு மடக்குக் கத்தி. கம்பெனி பெயர் வேண்டாம். பார்க்க அழகு, கூரும் இருந்தது, ஆனால் கட்டிக்குள் பாதி இறங்கியதும் ஆப்பு அடித்தது போல இலை அடுக்குகளைப் பிளந்துகொண்டு போய்விடும், வில்லை வராது, தூளும் துண்டுமாக உதிரும். அதைவிட மோசம், அதில் பூட்டு கிடையாது. கீழ்நோக்கி அழுத்தும்வரை பூட்டே தேவையில்லை, அந்த விசை கத்தியை விரித்துத்தான் பிடிக்கும். ஆனால் நடுவில் சிக்கிக்கொண்ட கத்தியை மேலே இழுத்து ஆட்டுகிறோம் பாருங்கள், அப்போதுதான் மடங்கும். ஆள்காட்டி விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்புறம்தான் ஒபினெல் எண் 8, கார்பன் ஸ்டீல். 1890இல் பிரான்ஸின் சவோய் பகுதியில் ஜோசப் ஒபினெல் தொடங்கிவைத்த கத்தி. அலகு 8.5 செ.மீ., மரப்பிடி, கழுத்தில் 1955இல் வந்த சுழலும் பூட்டு வளையம். எனக்கு இதில் பிடித்ததே அலகு மெல்லிசாக இருப்பதுதான். கட்டியைப் பிளக்காமல் ஊடுருவி இறங்குகிறது. பலகையில் வைத்து, அடுக்குகளுக்குக் குறுக்காக, நுனியை ஊன்றிக்கொண்டு பின்பகுதியை மெதுவாக அழுத்தினால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வில்லை எடுக்க முடிகிறது. அதை உள்ளங்கையில் தேய்த்தால் நன்றாகப் பிரிகிறது. சோம்பலான நாளில் சின்னக் கட்டங்களாக நறுக்கி அப்படியே நிரப்பிவிடுவேன், பற்றவைக்கத்தான் கொஞ்சம் பாடு, பற்றிவிட்டால் நின்று நிதானமாக எரியும்.

குறை இல்லையா என்றால், உண்டு. அலகின் வாய் நுனியை நோக்கி வளைந்து போவதால் வில்லையின் ஓரம் சில சமயம் அறுபடாமல் தொங்குகிறது. இந்த வேலைக்கென்றே தேடுகிறவர்கள் வாய் நேர்கோடாகவும் முதுகு மட்டும் நுனியில் இறங்கியும் இருக்கிற ஷீப்ஸ்ஃபுட் அலகைப் பாருங்கள், முழு நீளமும் பலகையில் படியும். ஆனால் அதிலும் முதுகு தடிமனாக இருந்தால் எடுக்காதீர்கள். வடிவம் இரண்டாம் பட்சம்தான். ஈரம் பட்டால் மரப்பிடி உப்பிக் கத்தி திறக்க மறுக்கும் என்பதும் ஒபினெல்காரர்களுக்குத் தெரிந்த கதை. பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு எட்டிப்பார்க்கும்.

கார்பனா ஸ்டெயின்லெஸ்ஸா? கார்பன் சாணைக்கல்லில் சட்டென்று கூர் ஏறும், ஆனால் ஈரப் புகையிலை பட்டுப் பட்டுக் கறுத்துப்போகும், துடைக்காமல் வைத்தால் துரு. துடைக்கிற பழக்கம் இல்லாதவர்கள் பேசாமல் ஸ்டெயின்லெஸ் வாங்கிவிடுங்கள். இனிப்புச் சேர்த்த பிளக் என்றால் அலகில் பிசின் மாதிரி ஒட்டும், வெந்நீர்த் துணியால் துடைத்தால் போய்விடும்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் ஏமாந்தேன். துரு பிடிக்கக் கூடாதே என்று தையல் மெஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டு வைத்தேன், அடுத்து சீவிய வில்லை மொத்தமும் மெஷின் வாசம், இரண்டு நாள் புகையிலும் அதே வாசம். இப்போது சாப்பாட்டுப் பாத்திரங்களில் படலாம் என்கிற வாசமில்லாத மினரல் ஆயில், அதுவும் ஒரே சொட்டு.