ஐம்பது ரூபாய் கப்ளரும் ஸ்பேர் கடை அண்ணாச்சியும்

மிக்சி உறுமுகிறது, பிளேடு மட்டும் சுற்றவில்லை, ஜாருக்கு அடியில் கறுப்புத் தூள் என்றால் தேய்ந்தது கப்ளர்தான், அதாவது மோட்டார் தண்டின் மேல் உட்கார்ந்து ஜாரின் பிளேடைச் சுற்றவைக்கும் சின்னத் துண்டு. சர்வீஸ் சென்டர் ஒன்றில் முந்நூறு ரூபாய் கேட்டார்கள். எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள சின்ன ஸ்பேர் கடையில் ஐம்பதுதான்.

பழைய கப்ளரைக் கொண்டுபோனால் நல்லது. அண்ணாச்சி மரையைப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் புதியதைத் தருவார். "ஜார்ல கைய விட்டு பிளேட சுத்திப் பாருங்க, இறுக்கமா இருந்தா இதுவும் போயிரும்" என்று அவரே சொன்னார். வியாபாரம் கெடுமே என்ற கவலையே இல்லாத மனிதர்!

மாட்டுவது சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடிமூடியைக் கழற்றி, மோட்டார் தண்டின் முனையிலுள்ள வெட்டில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக்கொள்ளுங்கள். கப்ளரைக் குறடால் திருப்ப வேண்டும். பெரும்பாலான மிக்சிகளில் இது எதிர்மரை. கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல் இடப்பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகும்.

பொருள் தரமாகவே இருக்கிறது. மாற்றியபிறகு தேங்காய்ச் சட்னி, இட்லிப்பொடி எல்லாம் அரைத்தாயிற்று, தூள் கொட்டவில்லை. கடையில் ஒரே குறை, ஜிபே கிடையாது. சில்லறையோடு போங்கள்.