மஞ்சள் காலிப்பரை நம்பி ஏமாந்தேன்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் கவனத்திற்கு

சென்ற ஆண்டு ஆவணி மாதம், சென்னையில் பழைய சொகுசு கார்களை விற்கும் ஒரு டீலரிடம் 2014ஆம் ஆண்டு போர்ஷே கேமன் எஸ் ஒன்றை 53 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். செராமிக் பிரேக் உள்ள வண்டி என்று சொல்லி, அதற்காகவே 4 லட்சம் ரூபாய் கூடுதலாகப் பெற்றுக்கொண்டார்கள். அந்த வண்டியில் செராமிக் பிரேக் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளிலும் அதில் அது இருக்கவில்லை.

அதே வாரம் கோயம்புத்தூரில் இன்னொரு கேமன் எஸ் விற்பனைக்கு இருந்தது. குறைவாக ஓடிய வண்டி, நல்ல பராமரிப்பு, பிரேக்கில் சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடு), சிவப்புக் காலிப்பர் (பேட் எனப்படும் உராய்வுக் கட்டைகளை அந்தத் தகட்டில் அழுத்திப் பிடிக்கும் பாகம்). இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஆண்டுக்கு நான்கைந்து முறையேனும் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை மீண்டும் மீண்டும் அடக்கும்போது பிரேக் எப்படிச் சூடேறும் என்பதை நண்பரின் வண்டியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தச் சூட்டை நன்கு தாங்குவது, இரும்பு டிஸ்க்கின் எடையில் ஏறக்குறைய பாதியே இருப்பது ஆகிய இரண்டு காரணங்களுக்காகவே செராமிக் டிஸ்க் வேண்டும் என்று நினைத்துக் கோயம்புத்தூர் வண்டியை விட்டுவிட்டேன். (நகருக்குள்ளும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மட்டும் ஓட்டுபவருக்கு எஸ் வகையின் இரும்பு பிரேக்கே தாராளமாகப் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

போர்ஷே நிறுவனம் காலிப்பரின் நிறத்தைக் கொண்டே பிரேக் வகையை அடையாளம் காட்டும். இந்த வரிசையில் அடிப்படை வகைக்குக் கறுப்பு, எஸ் வகைக்குச் சிவப்பு, செராமிக்கிற்கு மஞ்சள். இதை நான் அறிந்திருந்தேன்; நான் அறிந்திருப்பேன் என்பதை விற்றவர்களும் அறிந்திருந்தார்கள். இரண்டு வகை டிஸ்க்கிலும் துளைகள் இருப்பதால், சக்கரத்தின் இடைவெளி வழியே பார்த்த எனக்கு வேறுபாடு புலப்படவில்லை.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த இரவுக்கு மறுநாள் காலை, பெசன்ட் நகர் வீட்டு வாசலில் நின்ற வண்டியின் நான்கு டிஸ்க்குகளிலும் செம்பழுப்பு நிறத்தில் துரு படர்ந்திருந்தது. கார்பன் நாரும் சிலிக்கான் கார்பைடும் சேர்த்துச் செய்யப்படும் செராமிக் டிஸ்க்கில் துரு பிடிக்க வழியே இல்லை. சேறாக இருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு பத்து நாள் கழித்தே முகப்பேரில் உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

அவர் முதலில் ஒரு சிறு காந்தத்தை டிஸ்க்கின் உராயும் பரப்பில் வைத்தார். அது டக்கென்று ஒட்டிக்கொண்டது. பிறகு முன்சக்கரத்தைக் கழற்றி அளந்தார். இந்த வண்டிக்கான செராமிக் டிஸ்க்கின் விட்டம் 350 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதில் 330தான் இருந்தது. காலிப்பரின் போல்ட் ஓரத்தில் நகத்தால் சுரண்டியபோது மஞ்சள் வண்ணம் உரிந்து கீழே சிவப்பு தெரிந்தது. முன்மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த தொழிற்சாலை ஸ்டிக்கரில் செராமிக் பிரேக்கைக் குறிக்கும் 450 என்ற எண்ணும் இல்லை. ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கக்கூடிய அந்த ஸ்டிக்கரை வாங்கும் அன்று நான் பார்க்கவில்லை.

பண இழப்பைவிட என்னை நடுங்க வைத்தது வேறொன்று. நான் தொலைபேசியில் சொன்னதை நம்பி, செராமிக் டிஸ்க்கிற்கான பேட்களை வரவழைக்க அந்த மெக்கானிக் ஏற்கனவே விலை கேட்டு வைத்திருந்தார். ஒரு வகை டிஸ்க்கிற்கான பேடை மற்றொன்றில் பொருத்தவே கூடாது. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிரேக் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. காந்தத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லாமல் இருந்திருந்தால், அந்தப் பேட்களோடு நான் டிராக்கில் இறங்கியிருப்பேன்.

டீலரிடம் கேட்டபோது கிடைத்த விடையைத்தான் நீங்கள் முக்கியமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "செராமிக் பிரேக்னுதான் சார் சொன்னோம், செராமிக் டிஸ்க்னு எங்கேயும் சொல்லலையே. பேட் செராமிக் பேட்தான்." செராமிக் கலவைப் பேட் என்பது சாதாரண குடும்பக் கார்களுக்கும் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் பொருள், செராமிக் டிஸ்க்கோ ஒரு ஜோடியே பல லட்சம் ரூபாய் ஆகும். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் ஒளித்து வைத்துத்தான் இந்த வியாபாரம் நடந்திருக்கிறது. பில்லில் வண்டியின் பெயர், பதிவு எண், தொகை, 'உள்ளது உள்ளபடி' என்ற வரி ஆகியவை மட்டுமே இருந்தன. ஆகவே 'செராமிக் டிஸ்க், நான்கு சக்கரங்களிலும்' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

டிஸ்க் உண்மையிலேயே செராமிக்காக இருந்தாலும் சோதனை முடிந்துவிடாது. கடுஞ்சூட்டில் உள்ளிருக்கும் கார்பன் எரிந்து, தடிமன் குறையாமலே டிஸ்க் எடை இழந்துவிடும். அதனால் குறைந்தபட்ச எடை டிஸ்க்கின் நடுப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றி எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரம் மாட்டும்போது இடிபட்டு விளிம்பு உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நல்லவேளையாக, 'செராமிக் பிரேக், மஞ்சள் காலிப்பர், அதனால்தான் இந்த விலை' என்று விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நான் அழிக்கவில்லை. வழக்கறிஞர் அறிவிப்புக்குப் பதில் வராததால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறேன். கூடுதலாகக் கொடுத்தது 4 லட்சமே என்றாலும், பொருளுக்குக் கொடுத்த முழு விலையைக் கொண்டே எந்த ஆணையம் என்பது முடிவாகும். அது 50 லட்சத்தைத் தாண்டியதால் மாவட்ட ஆணையத்தில் அல்லாமல் மாநில ஆணையத்தில் புகார் செய்ய வேண்டியிருந்தது. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளித்துவிட வேண்டும்.

நான் வண்டி எடுத்த அன்று அதே ஷோரூமில் மஞ்சள் காலிப்பருடன் வெள்ளை நிற வண்டி ஒன்றும் நின்றது. இப்போது அது அங்கே இல்லை. சென்னையில் அண்மையில் அப்படியொரு வண்டியை வாங்கியவர் இதைப் படித்தால், அடுத்த முறை பேட் மாற்றும் முன்பு ஒரு காந்தத்தை டிஸ்க்கில் வைத்துப் பாருங்கள்.