ஒரு தூண் விலகினால் மற்றவை தாங்குமா? எங்கள் குடியிருப்பில் நடந்த கட்டட ஆய்வு

பின்னோக்கி வந்த தண்ணீர் லாரி, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் மூலைத் தூணை இடித்ததில் கான்கிரீட் பெயர்ந்து இரண்டு கம்பிகள் வெளியே தெரிந்தன. சிமெண்ட் பூசி அடைத்துவிடலாம் என்று சிலர் கூறினாலும், 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்ததை மறக்காத சங்க உறுப்பினர்கள் வற்புறுத்தியதால், சென்னையிலுள்ள ஒரு கட்டமைப்புப் பொறியியல் ஆலோசனை நிறுவனத்தை அழைத்தோம்.

முன்பு உறுதிச் சான்றிதழுக்காக வந்தவர்கள் கட்டடம் இன்றைய சுமையைத் தாங்குகிறதா என்று மட்டுமே பார்த்துச் சென்றார்கள். இவர்களோ, ஒரு தூண் அடியோடு போய்விட்டால் அதன் சுமையைப் பக்கத்துத் தூண்கள் ஏற்குமா, அல்லது சரிவு மாடிக்கு மாடி பரவுமா என்று ஆராய்ந்தார்கள். 1968இல் லண்டனின் ரோனன் பாயிண்ட் குடியிருப்பில், 18ஆவது மாடியில் நேர்ந்த எரிவாயு வெடிப்பு ஒரு சுவரைத் தள்ளியதால் 22 மாடிகளின் ஒரு மூலையே சரிந்த பிறகு, பொறியியல் உலகம் விடாமல் எழுப்பிவரும் கேள்வி இது.

கான்கிரீட்டின் தரத்தை அறியும் சுத்தியல் சோதனையும் ஒலியலைச் சோதனையும் அரை நாளில் முடிந்தன. என் மதிப்பைப் பெற்றது அதன் பின் நடந்த வேலைதான். வரைபடத்தை மட்டும் நம்பாமல், ஓரத்து நடுத்தூண் ஒன்றையொட்டி பீமின் அடிப்பக்கத்தை ஒரு முழ நீளத்துக்குக் கொத்திப் பார்த்தார்கள். அடிக்கம்பிகள் தூணுக்குள் நான்கு விரற்கடை மட்டுமே நுழைந்து நின்றுவிட்டிருந்தன. தூணின் மேல் பீமின் மேற்பகுதியில்தான் இழுவிசை வரும் என்பதால் அங்கே கம்பி அதிகம், அடியில் குறைவு. தூண் விலகினால் இரண்டு பீம்கள் ஒரே நீளப் பீமாகி, அதே இடம் கீழே தொய்ந்து, இழுவிசை முழுவதும் அடிக்கம்பிக்கு மாறிவிடும் என்று பொறியாளர் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்தே விளக்கினார். தூணையொட்டிய இடத்தில் அடிக்கம்பி மேற்கம்பியில் பாதியாவது இருக்க வேண்டும் என்கிறது நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 13920. எங்கள் பழைய கட்டடத்தில் அது இல்லை.

பின்னர் கணினி மாதிரியில் வெளிவரிசைத் தூண்களை ஒவ்வொன்றாக நீக்கி, தூண் திடீரென விலகும் அதிர்ச்சியைக் கணக்கிலெடுக்கச் சுமையை இரட்டிப்பாக்கிப் பார்த்ததில், லாரி இடித்த மூலையைக் காட்டிலும் யாரும் கவனிக்காத அந்த நடுத்தூண் பகுதியே பலவீனமானது என்று தெரிந்தது.

குறைகளும் உண்டு. முதல் விலைப்புள்ளியில் அடிபட்ட தூணை மட்டுமே சேர்த்திருந்தார்கள். மற்றவற்றையும் பார்க்க நாங்கள் வற்புறுத்த வேண்டியிருந்தது, கட்டணமும் அதற்கேற்ப உயர்ந்தது. அறிக்கை முழுவதும் எண் அட்டவணைகளாக இருந்ததால், இரண்டு முறை கேட்ட பிறகே குடியிருப்போருக்குப் புரியும்படி தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் கிடைத்தது. செங்கல் சுவர்கள் தரும் தாங்குதலைக் கணக்கில் சேர்க்காததைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். எச்சரிக்கையான பக்கம் நிற்பதே சரி என்பது என் கருத்து.

அவர்கள் பரிந்துரைத்தபடி அடிபட்ட தூணுக்கு ஜாக்கெட்டிங், அதாவது சுற்றிலும் உறைபோல் போர்த்தி வலுவாக்கும் வேலை, முடிந்துவிட்டது, லாரி திரும்பும் இடத்தில் கான்கிரீட் நிரப்பிய இரும்புக் குழாய்களும் நட்டாயிற்று. நடுத்தூண் பீம்களின் அடியில் கார்பன் இழை ஒட்டும் வேலைக்கும் இவர்களையே மேற்பார்வைக்கு அழைத்திருக்கிறோம்.