ஒராங்குட்டானா, சிம்பன்சியா: எந்தப் பிரிவில் வேலைக்குச் சேரலாம்?

விலங்குக் காட்சிசாலை வேலையில் இந்த இரண்டு மனிதக் குரங்குகளுக்கும் நடுவே குழம்புகிறவர்களுக்காக.

கூச்சல்: சிம்பன்சி கூட்டத்தில் சண்டையும் சமாதானமும் அன்றாடம். ஒராங்குட்டான் பெரும்பாலும் தனிமை விரும்பி, அமைதி.

பூட்டு: சிம்பன்சி கோபம் வந்தால் கதவை உலுக்கும். ஒராங்குட்டான் சத்தமில்லாமல் உங்கள் கையையே கவனிக்கும். 1968இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரக் காட்சிசாலையில் ஃபூ மாஞ்சு என்ற ஆண் ஒராங்குட்டான், வாய்க்குள் ஒளித்து வைத்திருந்த கம்பியால் பூட்டைத் திறந்து திரும்பத் திரும்ப வெளியே வந்தது, பராமரிப்பாளர்களுக்கோ முதலில் காரணமே புரியவில்லை. பூட்டை இரண்டு முறை பாருங்கள், அப்புறம் இன்னொரு முறையும்.

வலிமை: இரண்டுமே ஆபத்து, கூண்டுக் கம்பிக்கு இப்பால் நின்றே பழகுங்கள்.

கூட்டத்து உறவுகளைப் படிக்க ஆசை என்றால் சிம்பன்சி. ஒரே விலங்கின் நம்பிக்கைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியுமா, சரி, ஒராங்குட்டான்தான். என் மனமும் அந்தப் பக்கமே.