காருக்கு நீங்களே பெயிண்ட் அடிப்பவரா? லூஸ் ஹார்ட்னர் வாங்காதீர்கள்

மதுரையில் பெயிண்ட் மிக்ஸிங் கடையில் சில்லறையாகச் சாமான் வாங்கி, வீட்டிலேயே காருக்கு டென்ட் (பள்ளம்) எடுத்துப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். பெயிண்டை இறுக வைக்கக் கலக்கும் திரவம்தான் ஹார்ட்னர். கெட்டுப்போன ஹார்ட்னரை லூஸில் ஊற்றிக் கொடுத்து என்னை ஏமாற்றிவிட்டார்கள். பட்டறை வைத்திருப்பவரிடம் இந்த வேலையைக் காட்ட மாட்டார்கள். மாதா மாதம் வாங்குகிற ஆள், கெட்ட சரக்கைக் கொடுத்தால் மறுநாளே வந்து சட்டையைப் பிடிப்பார். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற நம்மிடம்தான் மூலையில் கிடப்பதைத் தள்ளிவிடுகிறார்கள்.

என்னுடையது பழைய ஸ்விஃப்ட், சில்க்கி சில்வர் கலர். சந்தில் நிறுத்தியிருந்தபோது ஒரு சரக்கு ஆட்டோ இடது பின்கதவை உரசிக்கொண்டு போய்விட்டது. கதவின் நடுவில் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம், கைப்பிடிக்குக் கீழே நீளமாகக் கீறல், ஓரிடத்தில் தகரமே தெரிந்தது. இன்ஷூரன்ஸில் போகலாம்தான். ஆனால் க்ளெய்ம் பண்ணினால் வருஷக்கணக்கில் சேர்த்த 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் (பிரீமியத் தள்ளுபடி) போய்விடும். ஒரு கதவுக்காக அதை இழக்க மனசு வரவில்லை. கம்ப்ரெஸரும் ஸ்ப்ரே கன்னும் என்னிடம் இருக்கின்றன. சொந்தக்காரர்களின் பைக் டேங்க், ஃபெண்டர் எல்லாம் அடித்துக் கொடுத்துப் பழக்கம்.

டிங்கரிங் வேலையில் ஒரு குறையும் இல்லை. உள் டிரிம்மைக் கழற்றி, பள்ளத்தைப் பின்னாலிருந்து தள்ளி எடுத்தேன். மிச்ச மேடுபள்ளத்துக்கு மட்டும் மெல்லிசாகப் பாலியெஸ்டர் பட்டி. பட்டி தண்ணீரை உறிஞ்சும் என்பதால் 80, 180, 320 நம்பர் உப்புத்தாளால் காய்ந்தபடியே தேய்த்தேன். அதன்மேல் டூ-கே பிரைமர் (டூ-கே என்றால் ஹார்ட்னர் கலந்து அடிப்பது), அது நன்றாக இறுகியபின் 800 வாட்டர் பேப்பர். விரல் நுனியை ஓட்டிப் பார்த்தால் எங்கே அடிபட்டது என்றே தெரியவில்லை. பட்டியும் பிரைமரும் போன தடவை வாங்கி வைத்த சீல் டின்கள். புதுசாக வாங்க வேண்டியிருந்தது பேஸ் கோட் (கலர்), கிளியர் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு), ஹார்ட்னர், தின்னர் மட்டும்தான்.

வழக்கமாக வாங்கும் கடை அன்று பூட்டியிருந்ததால் வேறொரு கடைக்குப் போனேன். கலர் கோடு (கார் கம்பெனியின் கலர் குறியீடு) Z2S-ஐ ‘இசட் டூ எஸ்’ என்று தெளிவாகச் சொல்லி, கோடு போட்டு மிக்ஸ் பண்ணித் தரச் சொன்னேன். கிளியரும் ஹார்ட்னரும் சின்ன சீல் பேக்காகக் கேட்டேன்.

“சின்ன பேக்கெல்லாம் வர்றதே இல்ல தம்பி. எல்லாரும் லூஸ்லதான் வாங்கிட்டுப் போறாங்க. கம்பெனி சரக்குதான், இப்பத்தான் டின் உடைச்சேன்” என்றார் கடைக்காரர். பேஸ் கோட்டைக் கொஞ்சம் பொறுத்து உள்ளே போய் எடுத்து வந்தார். கிளியர் ஒரு வெள்ளை டப்பாவில், ஹார்ட்னர் காலி தண்ணீர் பாட்டிலில், தின்னர் இன்னொரு பாட்டிலில். டூ-கே கிளியருக்குப் பி.யு. (பாலியூரிதேன்) தின்னர்தான் வேண்டும். “இது பி.யு. தின்னர்தானே அண்ணே?” என்று கேட்டதற்கு, “அதேதான் தம்பி, கண்ண மூடிட்டு அடிங்க” என்றார். பில்லில் ‘பெயிண்ட் ஐட்டம், 2,850’ என்று ஒரே வரி.

அன்று சாயந்திரமே அடித்தேன். காற்று இல்லை, மழை இல்லை. கிளியர் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஹார்ட்னர் சேர்த்து, அளவுக் கோப்பையில் பார்த்துக் கலந்தேன். ஈரத்தில் பார்க்க அழகாகவே இருந்தது.

மறுநாள் காலையில் மாஸ்கிங் டேப்பை உரித்தபோது கிளியரும் அதோடு நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. பெருவிரலை லேசாக வைத்து எடுத்தேன். ரேகை வரி வரியாக அப்படியே பதிந்து நின்றது. டூ-கே கிளியர் ஒரு ராத்திரி கழிந்தும் இப்படி இருக்கவே கூடாது. ஒரு நாள் முழுக்க வெயிலில் விட்டுப் பார்த்தேன். மேலே ஆடை கட்டியதே தவிர உள்ளே இறுகவில்லை. பிறகு வெள்ளைத் துணியில் தின்னர் தொட்டு ஓரமாக ஒரு துடை துடைத்தேன். கிளியர் கரைந்து, அடியிலிருந்த சில்வரும் சேர்ந்து துணியில் வந்துவிட்டது. ஹார்ட்னர் ஒழுங்காகப் பிடித்த கிளியரில் அப்படித் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கும்.

கலரிலும் ஏமாற்று. நேராக நின்று பார்த்தால் சரிதான். முன்சக்கரத்துப் பக்கம் குனிந்து சாய்வாகப் பார்த்தால் பின்கதவு மட்டும் கறுத்துத் தெரிந்தது. சில்வரின் மினுக்குத் துகளும் பருமனாக இருந்தது. மெட்டாலிக் கலர் அடிக்கிற விதத்தில் கொஞ்சம் மாறும் என்பது உண்மைதான். துகளின் பருமன் மாறாது. கோடு போட்டு மிக்ஸ் பண்ணவே இல்லை, கையில் இருந்த ரெடிமேட் சில்வரை ஊற்றிக் கொடுத்திருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஹார்ட்னர் பாட்டில்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. மிச்சத்தை மூடி ஷெல்பில் வைத்திருந்தேன். சில நாளில் பாட்டில் வயிறு உப்பி, அடிப்பாகம் வெளியே பிதுங்கி நின்றது. மூடியைத் திருகினால் சோடா மாதிரி ‘புஸ்’ என்றது. மூடியின் மரையில் வெள்ளையாகப் பொருக்கு, உள்ளே கலங்கிய திரவம். டூ-கே ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். அது காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை விட்டு வீணாகிப்போகும். அந்த வாயுதான் பாட்டிலை உப்ப வைக்கிறது. நல்ல ஹார்ட்னர் தெளிவாக, தண்ணீர் போலவோ லேசான மஞ்சளாகவோ இருக்கும். பல நாள் திறந்தே கிடந்த டின்னிலிருந்து எனக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

தின்னரும் பி.யு. இல்லை என்பதுதான் என் முடிவு. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கான தின்னருக்கென்று ஒரு காட்டமான வாடை உண்டு, அதே வாடை. அதில் ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள் இருக்கும். அவையும் ஹார்ட்னரைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே பாதி செத்த ஹார்ட்னர், அதில் இதுவும் சேர்ந்தால் எப்படி இறுகும்?

சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்று வழக்கமான கடையில் சீல் உடைக்காத ஹார்ட்னரும் பி.யு. தின்னரும் வாங்கினேன். லூஸில் வாங்கிய அதே கிளியரை இரண்டு தகரத் துண்டுகளில் அடித்தேன், ஒன்றில் அவர் சரக்கு, மற்றதில் சீல் சரக்கு. சீல் போட்டது மறுநாள் நகம் பதியாமல் இறுகியிருந்தது. அவருடையது ஒட்டிக்கொண்டே கிடந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

“உங்களுக்கு அடிக்கத் தெரியல சார்” என்றார். வாங்கும்போது தம்பி, கேள்வி கேட்டால் சார். தகரத்தைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பணம் திருப்பித் தர முடியாது என்று முடித்துவிட்டார்.

ஒட்டுகிற கிளியர்மேல் எதை அடித்தாலும் நிற்காது. தின்னர் துணியால் துடைத்துத் துடைத்து, பேஸ் கோட்டையும் எடுத்து, பிரைமர் வரை இறங்கினேன். அந்த ஈரத்தில் ஓரிடத்தில் பிரைமர் கிளம்பி, அங்கே பட்டியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பணத்தைவிட இந்த உழைப்பு போனதுதான் எனக்கு ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன். ஹார்ட்னர் மட்டும் எந்தக் காரணத்துக்கும் லூஸில் வேண்டாம். சின்ன பேக் வருவதில்லை என்பது பொய், நான் வாங்கியிருக்கிறேன். டின்னில் தயாரித்த மாதம், வருஷம், கம்பெனி முகவரி, அளவு, விலை அச்சாகியிருக்க வேண்டும். 2011-ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. கலரை உங்கள் கண் முன்னால் தராசில் வைத்து மிக்ஸ் பண்ணச் சொல்லுங்கள். உள்ளே போய் எடுத்து வந்தால் வாங்காதீர்கள். பில்லில் ஒவ்வொரு பொருளையும் பெயரோடு எழுதி வாங்குங்கள். காரில் கை வைக்கும் முன் ஒரு தகரத் துண்டில் அடித்து, மறுநாள் தின்னர் துணியால் துடைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதில்தான் எனக்கு ரொம்பக் கோபம். மாஸ்க் இருக்கிறதா என்று கேட்டபோது, “கர்ச்சீஃப் கட்டிக்கிட்டா போதும்” என்றார் அந்த மனிதர். ஐசோசயனேட் புகை ஆஸ்துமாவையே வரவழைக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். துணியோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ அதைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் தூசு ஃபில்டரும் போட்ட ரெஸ்பிரேட்டர் வேண்டும், அதுவும் காற்றோட்டமான இடத்தில். என்னிடம் அது இருந்தது. அவர் பேச்சை நம்பிக் கர்ச்சீஃபோடு அடித்த பையன்கள் எத்தனை பேரோ.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். பில், உப்பிய பாட்டில், இரண்டு தகரம் எல்லாவற்றின் படமும் கொடுத்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. புகார் போனபிறகு கடையிலிருந்து போன் வந்தது. வேறு ஹார்ட்னர் தருகிறேன், பாட்டில் எடுத்துக்கொண்டு வாங்க என்றார். பணமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.